துறைமுகத்தில் தூண்டில் பழக ஒரு தொடக்கநிலைத் தொகுப்பு: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கடலில் தூண்டில் போடக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்குத் துறைமுகத்தைவிட வசதியான இடம் அமைவது அரிது. அலைதடுப்புச் சுவருக்கு உட்புறம் நீர் அடங்கியிருக்கும், ஆழம் காலடியிலேயே தொடங்கிவிடும், படகும் தேவையில்லை. அந்த இடத்தை மனத்தில் வைத்தே, கடல்நீருக்கும் ஏற்றது என்ற குறிப்புடன் விற்கப்படும் ஒரு தொடக்கநிலைத் தொகுப்பை வாங்கி ஆறு மாதங்கள் பயன்படுத்தினேன். இரண்டு துண்டுகளாகக் கழற்றக்கூடிய 2.1 மீட்டர் கண்ணாடியிழைக் கம்பு, 4000 என்ற அளவு எண் கொண்ட ஸ்பின்னிங் ரீல், அதில் முன்கூட்டியே சுற்றப்பட்ட நைலான் நரம்பு, முள்ளும் ஈயமும் சுழல் வளையங்களும் அடங்கிய சிறு பெட்டி ஆகியவை இதில் உள்ளன. கம்பையும் ரீலையும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பெட்டியில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றையும் அந்த நரம்பையும் மாற்றாமல் கடலுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம் என்றே சொல்வேன்.

கம்பு கார்பன் இழையில் அல்லாமல் கண்ணாடியிழையில் செய்யப்பட்டிருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எடை சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் கற்சுவரில் மோதியும், கம்பித் தடுப்பில் சாய்த்து வைக்கும்போது சறுக்கி விழுந்தும் தாக்குப்பிடிக்கும் குணம் கண்ணாடியிழைக்கே அதிகம். புதியவர் கையில் இவை இரண்டும் கட்டாயம் நடக்கும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பிகள் செல்லும் இடங்களில் எந்தக் கம்பையும் உயர்த்தக் கூடாது. கார்பன் கம்பாக இருந்தால் அந்த ஆபத்து மேலும் கூடும். கம்பில் நரம்பு செல்லும் வளையங்களின் உட்புறம் பீங்கான் பதிக்கப்பட்டிருப்பதால், ஆறு மாதங்களுக்குப் பிறகும் நரம்பை அறுக்கும் கீறல் எதுவும் அவற்றில் விழவில்லை.

கம்பின் நீளம் போதாது என்ற கவலையும் தேவையில்லை. தொகுப்புடன் வரும் கையேடு, முடிந்த அளவு தூரமாக வீசும்படி அறிவுறுத்துகிறது. திறந்த கடற்கரைக்கு அது பொருந்தலாம். துறைமுகத்தில் அது பிழையான வழிகாட்டல் என்பது என் உறுதியான கருத்து. சுவரிலும் தூண்களிலும் ஒட்டி வளரும் பாசியையும் சிப்பிகளையும், அவற்றினிடையே ஒளியும் சிறு நண்டுகளையும் தேடியே மீன்கள் வருகின்றன. முதல் மாதம் முழுவதும் நடுநீரை நோக்கி வீசிக்கொண்டிருந்த நான், சுவரிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் இரையை நேராக இறக்கத் தொடங்கிய பிறகே தொடர்ச்சியாகக் கடி உணர்ந்தேன். படகுகள் வந்து போகும் வழியில் நரம்பு கிடக்காது என்பதும் இதில் கிடைக்கும் பெரிய நன்மை.

இத்தொகுப்பில் உண்மையிலேயே மதிப்புள்ள பகுதி ரீலின் டிராக் அமைப்பு. மீன் பலமாக இழுக்கும்போது, ரீலில் நரம்பு சுற்றப்பட்டிருக்கும் பகுதியான ஸ்பூல் சற்று வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கச் செய்வது அதுதான். அது சீராக வழுக்காமல் விட்டுவிட்டு நகர்ந்தால், அந்தத் திடீர் அதிர்விலேயே நரம்பு அறுந்துவிடும். இந்த ரீலில் டிராக் தயக்கமின்றித் தொடங்கி, ஒரே சீராக ஓடுகிறது. நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை வைப்பது நல்ல தொடக்கம். 5 கிலோ தாங்கும் நரம்பென்றால், நரம்பின் நுனியைக் கைத்தராசில் கட்டி இழுக்கும்போது 1.25 கிலோவுக்கும் 1.7 கிலோவுக்கும் இடையில் ஸ்பூல் சுழலத் தொடங்க வேண்டும். கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறி இறுக்கிவிடுகிறார்கள். ஒருமுறையாவது தராசில் வைத்துப் பார்த்தால் சரியான இறுக்கம் கைக்குப் பழகிவிடும்.

நரம்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தடிமனாகவும் விறைப்பாகவும் இருப்பதால், ஸ்பூலிலிருந்து வெளிவரும்போது சுருள் சுருளாகவே நிற்கிறது. சிறு மீனின் கடி விரலுக்கு எட்டுவதில்லை. அதை அகற்றிவிட்டு 0.32 மில்லிமீட்டர் நைலான் நரம்பைச் சுற்றினேன். ஸ்பூலின் விளிம்புக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும். வீசி முடித்ததும் கைப்பிடியைச் சுழற்றி மூடாமல், வீசுவதற்காகத் திறந்த ரீலின் வளைகம்பியைக் கையாலேயே மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிக்கொள்வது முறுக்கு ஏறுவதைப் பெரிதும் குறைக்கும். முடிச்சை இறுக்குவதற்கு முன் ஈரப்படுத்த வேண்டும். உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு வலுவிழக்கும்.

பெட்டியில் இருந்த முட்கள் வெண்கல நிறப் பூச்சுடையவை. அவை நன்னீருக்கு உரியவை. கடல்நீரில் ஒருநாள் நனைந்தவை மறுநாள் காலையில் துருவேறி, பெட்டியின் மற்ற முட்களுக்கும் அந்தக் கறையைப் பரப்பியிருந்தன. கடலுக்கு ஏற்றது என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு இவற்றை உள்ளே வைப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. வெள்ளீயம் அல்லது நிக்கல் பூசிய முட்களைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அளவு எண்கள் புதியவரைக் குழப்பக்கூடியவை: 8, 6, 4 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும், 1 என்ற எண்ணைத் தாண்டியபின் 1/0, 2/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். சுவரோரச் சிறு மீன்களுக்கு 6 அல்லது 4 போதும். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளும் துறைமுகத்துக்கு மிகப் பொருத்தமானது. அது பெரும்பாலும் மீனின் வாயோரத்தில் தைப்பதால், திருப்பி விட வேண்டிய சிறு மீனை அதிகக் காயமின்றி விடுவிக்கலாம். கடி உணர்ந்ததும் கம்பைச் சட்டென்று சுண்டி இழுக்காமல் நிதானமாகச் சுற்ற வேண்டும் என்பது மட்டுமே அதற்குரிய பழக்கம்.

ஈயங்கள் எல்லாமே 30 கிராம் எடையில் இருப்பது அடுத்த குறை. பெரும்பாலான கரைகளில் ஒரு நீரேற்றத்துக்கும் அடுத்த நீரேற்றத்துக்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும்; அதற்குள் நீர் ஏறி, நின்று, வடிந்து, மீண்டும் நின்று திரும்புகிறது. நின்ற நீரில் 30 கிராம் மிகை; இரையைச் சுவைத்துப் பார்க்கும் மீன் அந்தப் பாரத்தை உணர்ந்து விட்டுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களின் வேகமான ஓட்டத்திலோ அதே ஈயம் தரையில் நிற்காமல் உருண்டு சென்று தூணில் சிக்கும். 10, 20, 40 கிராம் ஈயங்களும் கையில் இருந்தால்தான் ஓதம் மாறும்போது நாமும் மாறிக்கொள்ள முடியும். நீர் நகரத் தொடங்கியபின் வரும் இரண்டு மணி நேரமே எனக்கு அதிகப் பலன் தந்தது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

நீண்ட பிடியுள்ள கைவலை இத்தொகுப்பில் இல்லை. நீருக்குள் மீனின் எடையைப் பெருமளவு நீரே தாங்குகிறது. உயர்ந்த சுவரின் மேல் அதைத் தூக்கும்போது முழு எடையும் துடிப்பும் நரம்பின் மீது விழுகின்றன. நான் இழந்த நல்ல மீன்களில் பெரும்பாலானவை சுவரின் பாதி உயரத்தில் அறுந்து விழுந்தவை. எனவே வலையைத் தொகுப்போடு சேர்த்தே வாங்க வேண்டும். ஏறி வரும் மீன் எது என்று தெரியும்வரை வெறுங்கையால் பற்றவும் வேண்டாம்; கடற்கெளிறு போன்றவற்றின் முட்களில் நஞ்சு உண்டு.

பராமரிப்பில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ரீலைக் குழாயின் வேகமான நீரில் பீய்ச்சிக் கழுவியதால், உப்புநீர் வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே தள்ளப்பட்டு, மூன்றாம் மாதத்தில், வளைகம்பியின் ஓரத்தில் நரம்பு ஏறிச் செல்லும் சிறு உருளை கரகரவென்று ஒலிக்கத் தொடங்கியது. டிராக்கை இறுக மூடி, மெல்லிய நன்னீர்த் தூறலில் கழுவி, துடைத்து உலர்த்தி, பின் டிராக்கைத் தளர்த்தி வைப்பதே சரியான முறை. கம்பின் இணைப்பையும் ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைக்க வேண்டும். இடையில் காயும் உப்பு இரு துண்டுகளையும் பிரிக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். இணைப்பில் சிறிது மெழுகுவர்த்தி மெழுகைத் தேய்த்து வைத்தால் இது நேராது.

உருளையை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு துளி எண்ணெய் விட்டபின் ஒலி நின்றது. ரீலின் மற்ற பாகங்கள் அனைத்தும் வாங்கிய நாளின் இயக்கத்தோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.