ஒரே சிப், இரண்டு வகை நினைவகம்: ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் அனுபவம்

பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டுகளில் ஜிடிஎக்ஸ் 1660 வாங்குவதா, 1660 சூப்பர் வாங்குவதா என்று நண்பர் கேட்டார். சூப்பரைப் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்துகிறேன். தம்பியின் கணினியில் இருப்பது சாதாரண 1660.

2019 மார்ச்சில் வந்த 1660-க்கும், அதே ஆண்டு அக்டோபரில் வந்த சூப்பருக்கும் சிப் ஒன்றே; கணக்கிடும் அலகுகளான 1,408 கூடா கோர்கள், 6 ஜிபி நினைவகம், சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான 192 பிட் பாதை ஆகியவையும் மாறவில்லை. மாறியது நினைவகத்தின் வகைதான். 1660-இல் உள்ள ஜிடிடிஆர்5 அந்தப் பாதையின் ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 8 கிகாபிட் அனுப்ப, சூப்பரில் உள்ள ஜிடிடிஆர்6 14 கிகாபிட் அனுப்புவதால், நொடிக்கு 192 ஜிபி என்றிருந்த மொத்தக் கடத்தல் 336 ஜிபியாக உயர்ந்தது. புகையும் நிழலும் திரையை நிறைக்கும் சண்டைக் காட்சிகளில், விளையாட்டின் தர அமைப்புகள் ஒன்றாக இருந்தும் தம்பியின் கார்டு தடுமாற, என்னுடையது சீராக ஓடுவதை இன்றும் வியந்து பார்க்கிறேன்.

ஆனால் விற்பனைத் தளங்களைத் திறந்தால் ஆத்திரம்தான் வருகிறது. "6 ஜிபி கார்டு" என்று கொட்டை எழுத்தில் போடுபவர்கள் நினைவக வகையை எங்கோ அடியில் ஒளித்து வைக்கிறார்கள். ஜிடி 1030 என்ற கார்டின் கதை தெரிந்தவர்கள் இதைச் சிறு விஷயமாக எண்ண மாட்டார்கள்: 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் நொடிக்கு 48 ஜிபி கடத்திய கார்டு, 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் 16.8 ஜிபிக்கு இறங்கியது. பெயரையும் 2 ஜிபி என்ற அளவையும் மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்?

இவ்வளவு புகழ்ந்தாலும், நண்பருக்கு நான் பரிந்துரைத்தது சூப்பரை அல்ல. புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் போர்த்தப்படும் படங்கள்) தரத்தை உயர்த்தினால் 6 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பியபின் கணினியின் ராமிலிருந்து தரவு வர வேண்டியிருப்பதால், ஜிடிடிஆர்6இன் வேகம் அங்கே உதவுவதில்லை. ஆர்எக்ஸ் 6600 என்ற கார்டு நொடிக்கு 224 ஜிபிதான் கடத்துகிறது என்றாலும், அதில் 8 ஜிபி உண்டு. சிப்புக்குள்ளேயே இருக்கும் 32 எம்பி கேச் என்னும் சிறு தற்காலிகச் சேமிப்பு, நினைவகத்தை நாடும் தேவையைக் குறைக்கிறது. விலை கட்டுப்படியானால் அதையே வாங்கச் சொன்னேன். 1660, சூப்பர் ஆகிய இரண்டில் ஒன்றுதான் என்றால், சற்றுக் கூடுதல் பணம் கொடுத்தாவது சூப்பரை எடுக்க வேண்டும். என் கார்டை விற்க மட்டும் எனக்கு மனமில்லை.