கொல்லிமலைக்கு இரண்டு பைக்கில்: ஹிமாலயன் 450, அப்பாச்சி ஆர்ஆர் 310

நெடுந்தூரம் போக நிமிர்ந்து ஓட்டும் அட்வென்ச்சர் பைக்கா, குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கா? எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஓயாத பேச்சு இது. என்னிடம் இருப்பது அட்வென்ச்சர் ரகம், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450; மாமா பையனிடம் ஸ்போர்ட்ஸ் ரகம், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. ஒன்று சென்னைக் கம்பெனி, இன்னொன்று ஓசூரில் தயாராவது, அதனால் ஊர்ப்பாசம் காட்டி யாரும் யாரையும் மடக்க முடியாது. பொங்கல் கழிந்து வந்த வார இறுதியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போரூரிலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பிவிட்டோம். தாம்பரம், திண்டிவனம், உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர், நாமகிரிப்பேட்டை வழியாக ஏறக்குறைய 360 கிலோமீட்டர். உளுந்தூர்ப்பேட்டையில் வண்டியை மாற்றிக்கொண்டோம், மலையடிவாரத்தில் காரவள்ளியில் மறுபடி மாற்றினோம், திரும்பும்போதும் அப்படியே. ஆகவே கீழே எழுதியிருப்பது எல்லாம் ஒரே சாலையில், ஒரே வெயிலில், ஒரே உடம்பு இரண்டு வண்டியிலும் உட்கார்ந்து பார்த்தது.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ஒரே நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல், முதுகில் இல்லாமல் வண்டியில் சாமான் கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் அட்வென்ச்சர் பைக்தான். ஆனால் அதற்குப் பலரும் சொல்லும் காரணம் மண்சாலை, கல், ஆறு, இதெல்லாம். எனக்குப் பட்ட காரணம் வேறு. நல்ல தார் சாலையில்தான் வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தது.

நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில் தாழ்ந்து இருக்கும், கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளி இருக்கும், ஆகவே உடம்பு முன்னால் சாயும். ரேஸ் டிராக்கில் 150, 160 போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், மணிக்கட்டில் பாரமே தெரியாது. அந்த உட்காரும் முறை அந்த வேகத்துக்காகவே அமைத்தது. 80இல் அந்தக் காற்று கிடையாது. நெஞ்சு, தலை, ஹெல்மெட் எல்லாவற்றின் பாரமும் இரண்டு உள்ளங்கையில் இறங்குகிறது. கள்ளக்குறிச்சி தாண்டும்போது என் வலது கை விரல் மரத்துப்போக ஆரம்பித்தது, சின்ன சேலம் வந்ததும் நிறுத்தி டீ குடித்தேன், டீ குடிக்க ஆசையில்லை, கையை உதற வேண்டியிருந்தது. இத்தனைக்கும் முழு ஃபேரிங் (முன்னும் பக்கமும் மூடிய உறை) வண்டிகளில் ஆர்ஆர் 310 மிதமான ரகம், ஹேண்டில் அவ்வளவு தாழ்வு கிடையாது. இதை அந்த வண்டியின் குறையாகச் சொல்லவில்லை, குனிந்து ஓட்டும் எந்த வண்டிக்கும் உள்ள குணம் அது. வயிற்றையும் முதுகையும் இறுக்கி, முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் பாதி பாரம் குறையும். மச்சான் அப்படித்தான் ஓட்டுகிறான், அவன் ஜிம்முக்குப் போகிறவன்.

ஹிமாலயனில் முதல் 200 கிலோமீட்டர் எனக்குக் கையில் எதுவுமே தெரியவில்லை. நிமிர்ந்து உட்காருவதால் பாரம் எல்லாம் பிட்டத்தில் இறங்குகிறது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் வால் எலும்பு வலிக்கும், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதற்கு வைத்தியம் வண்டியிலேயே இருக்கிறது. கால் வைக்கும் ஃபுட்பெக் மேல் எழுந்து நின்று ஒரு நிமிடம் ஓட்டினால் சரியாகிவிடும், வண்டியை நிறுத்தவே வேண்டாம். ஸ்போர்ட்ஸ் பைக்கில் மணிக்கட்டு வலித்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் பெட்ரோல். ஆர்ஆர் 310 டேங்க் 11 லிட்டர், ஹிமாலயன் 17 லிட்டர். இரண்டும் எங்களுக்கு லிட்டருக்கு 30 கிலோமீட்டருக்குப் பக்கத்தில்தான் கொடுத்தன. ஹிமாலயனில் போரூரில் நிரப்பிய பெட்ரோல் மலை உச்சி வரை வந்தது. மச்சான் வண்டிக்கு ஆத்தூரிலேயே போட்டுவிட்டோம், மலை மேல் பங்க் தேடி அலையக் கூடாது என்று.

மலைக்கு வருவோம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. வளைவு என்றாலே ஸ்போர்ட்ஸ் பைக் என்று நானும் நினைத்திருந்தேன். கொல்லிமலை வளைவுகள் அந்த ரகம் இல்லை. ஒவ்வொன்றும் ஆளைத் திருப்பிப் போடுகிற வளைவு, முதல் கியரிலோ இரண்டாவதிலோ 15, 20 வேகத்தில் திரும்ப வேண்டும், எதிரில் அரசுப் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு இறங்கும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும், அகலமும் குறைவு, அந்த வேகத்தில் வண்டியைச் சாய்க்கவும் முடியாது. இறங்கும்போது இன்னும் கஷ்டம், பாரம் மொத்தமும் முன்னால் சரிந்து மறுபடி அதே மணிக்கட்டுக்கு வருகிறது. 40ஆவது வளைவுக்குள் தோளும் பிடித்துக்கொண்டது. ஹிமாலயனில் அகலமான ஹேண்டிலைச் சைக்கிள் மாதிரி திருப்பிக்கொண்டே ஏறலாம்.

ஏற்றத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பவர் என்று பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி, ஹிமாலயன் 40 பிஎஸ், இப்போது வரும் ஆர்ஆர் 310இல் 38 பிஎஸ். டார்க், அதாவது இன்ஜினின் இழுவை, எங்கே கிடைக்கிறது என்பதில்தான் விஷயம். ஹிமாலயனில் 40 என்எம், இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதே முழுசாக வந்துவிடுகிறது. ஆர்ஆர் 310இல் 29 என்எம், அதுவும் 7,900க்குப் போனால்தான். இரண்டு பை, ஒரு டென்ட், தண்ணீர் கேன் எல்லாம் கட்டிக்கொண்டு வளைவுக்கு வளைவு நின்று ஏறும்போது ஒன்றில் கியரை மறந்துவிடலாம், இன்னொன்றில் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே தட்டையான சாலையில் நன்றாக நீண்டு போகிற வளைவுகள் சில இருக்கின்றன, அங்கே மட்டும் மச்சான் பின்னால் திரும்பியே பார்க்கவில்லை. ஆர்ஆர் 310 அங்கே சொன்னபடி சாய்கிறது, 21 அங்குல முன் சக்கரம் வைத்த என் வண்டி அதன் பக்கத்தில் சோம்பேறி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அவன் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே அது வேறு ஜாதி வண்டி, ஹிமாலயனை அங்கே கொண்டுபோய் நிறுத்தக்கூட எனக்கு மனசு வராது.

காற்றிலும் ஸ்போர்ட்ஸ் பைக் ஜெயிக்கிறது, இதைப் பலரும் சொல்வதில்லை. ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டிக் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது தாழ்வான வண்டி நேராகக் கிழித்துக்கொண்டு போகும், உயரமான வண்டி, அதுவும் பக்கப் பெட்டி மாட்டியிருந்தால், லேசாகத் தள்ளாடும். கன்னியாகுமரி போகும்போது முப்பந்தல் காற்றாலைப் பக்கம் ஒருமுறை என் வண்டி பக்கத்து லேனுக்கே நகர்ந்தது. அங்கே 60க்கு மேல் போகாதீர்கள்.

மலை மேல் உள்ள செம்மேட்டிலிருந்து நாங்கள் தங்கிய தோட்டத்து வீட்டுக்குப் போகிற கடைசி நான்கு கிலோமீட்டர் ஜல்லியும் செம்மண்ணும். ஹிமாலயனுக்கு முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், அது அங்கே வீட்டுக்கு வந்த மாதிரி போனது. மச்சான் காலை ஊன்றி ஊன்றி அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். "மாப்ள, நாளைக்கு இந்த ரோட்ல நீ ஓட்டு, நான் நடந்து வர்றேன்" என்றான். இதில் மேலே பேச ஒன்றும் இல்லை.

இனி என் வண்டியின் குறைகள். நாமகிரிப்பேட்டை அருகே ஆணி குத்தியது. என்னுடையது ட்யூப் உள்ள ஸ்போக் வீல், சக்கரத்தைக் கழற்றி ட்யூபை எடுத்து ஒட்டி மாட்ட ஒன்றரை மணி நேரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த ஒரே பஞ்சர் கடையில், அந்த அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து போட்டுக் கொடுத்தார். ட்யூப்லெஸ் என்றால் நாமே சாலையோரத்தில் பத்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். ஹிமாலயனிலும் பிறகு ட்யூப்லெஸ் ஸ்போக் வீல் வந்துவிட்டது. புதிதாக வாங்குபவர்கள் அதையே எடுங்கள், இதில் காசைப் பார்க்காதீர்கள்.

உயரமும் யோசிக்க வேண்டியது. நான் 5 அடி 6 அங்குலம். சீட் உயரம் ஹிமாலயனில் 825, ஆர்ஆர் 310இல் 810 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் எடை 196 கிலோவும் 174 கிலோவும், அதோடு ஹிமாலயனில் பாரம் மேலே நிற்கிறது. வடபழனி சிக்னலில், சாய்ந்த சாலையில், டேங்க் நிறைந்த வண்டியை ஒரு கால் விரலில் பிடித்துக்கொண்டு நிற்பது முதல் மாதம் பயமாகவே இருந்தது. இரண்டு காலையும் எட்ட வைக்கப் பார்க்காமல், சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து இடது காலை முழுசாக ஊன்றப் பழகினேன், சரியானது. யூ-டர்ன் போடுமுன் சாலை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது.

பின்னால் ஆள் உட்காருவது பற்றி ஒரே வரி: என் மனைவி ஹிமாலயனில் புதுச்சேரி வரை வந்திருக்கிறாள், ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்சீட்டைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

விலையில் இப்போது ஒரு புதுக் கணக்கு சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40. ஆர்ஆர் 310 முதல் வகையில், 452 சிசி ஹிமாலயன் இரண்டாவதில். அதனால் நெடுந்தூர வண்டி வேண்டும், பணம் இடிக்கிறது என்பவர்கள் 250 சிசி சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டேங்க் 12 லிட்டர்தான், மலையில் சாமானோடு ஹிமாலயன் மாதிரி இழுக்காது, ஆனால் நிமிர்ந்து உட்காருகிற சுகம் அப்படியே கிடைக்கும். என்னைக் கேட்டால் சிசியை விட அதுதான் முக்கியம்.

பக்கப் பெட்டி மாட்டும் கம்பி, இன்ஜின் கார்டு எல்லாம் வெளிக்கடையில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் போட்ட கடையில் போல்ட் அதிர்வில் கழலாமல் பிடிக்கும் லாக் திரவம் வைக்காமலேயே இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கியதும் பார்த்தால் இரண்டு போல்ட்டைக் காணவில்லை, மூன்றாவது கையாலேயே திரும்புகிறது, பெட்டி கயிற்றால்தான் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்தவர் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. கடையில் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், 100 கிலோமீட்டர் ஓட்டியதும் ஸ்பேனர் எடுத்து நீங்களே ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்குங்கள்.

மச்சான் அவன் வண்டியை விற்கப்போவதில்லை, விற்கவும் வேண்டாம், அவனுக்கு மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலை ஈசிஆரில் போய்விட்டு எட்டு மணிக்கு வீட்டில் இட்லி சாப்பிட வேண்டும், அதற்கு அதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியவில்லை. புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஷோரூமைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள், அந்தத் தூரத்தில் எல்லா வண்டியும் சுகமாகத்தான் இருக்கும். வைத்திருக்கிற நண்பரிடம் ஒரு நாள் கேட்டு வாங்கி, செங்கல்பட்டு தாண்டித் திண்டிவனம் வரை 80லேயே நிறுத்தாமல் போய்ப் பாருங்கள். இறங்கியதும் முதலில் கையை உதறுகிறீர்களா, இடுப்பைப் பிடிக்கிறீர்களா என்று கவனியுங்கள்.