அமில மழை குறைந்ததா? இந்த வரைபடங்களைப் பாருங்கள்

அமெரிக்காவில் அனல் மின் நிலையங்களின் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்தியதால் அமில மழை நிஜமாகவே குறைந்ததா என்று யார் கேட்டாலும், நான் கைகாட்டுவது நேஷனல் அட்மாஸ்பெரிக் டெபாசிஷன் புரோகிராம் தரும் வரைபடங்களைத்தான். மழைநீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நாடு முழுக்க 1978 முதல் அளக்கிறார்கள், தரவு எல்லாமே இலவசம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களின் ஒழுங்கு. மழைத்துளி சென்சாரில் பட்டால் மட்டும் மழைநீர் பிடிக்கும் வாளியின் மூடி திறக்கும், நின்றதும் மூடிக்கொள்ளும், அதனால் வறண்ட நாளின் தூசி உள்ளே சேராது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒரே முறையில் அளந்தால்தானே 1985-ஐயும் 2015-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேச முடியும்?

அப்படி வைத்துப் பாருங்கள், ஒஹாயோ, பென்சில்வேனியா மாநிலங்கள் பக்கம், கந்தகப் புகையால் உண்டாகும் சல்பேட் அதிகம் என்று காட்டிய சிவப்பு நிறம் கரைந்தே போயிருக்கும். கந்தகப் புகையைக் கட்டுப்படுத்திய 1990 தூய காற்றுச் சட்டத் திருத்தம், 1995-இல் அதன் முதல் கட்டம், அப்புறம் வந்த கூடுதல் கட்டுப்பாடுகள் எல்லாம் மழைநீரிலேயே தெரிகின்றன. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

ஒன்று கவனியுங்கள். நல்ல மழை பெய்த வருஷத்தில் மண்ணில் சேரும் மொத்த அளவு கூடிவிடும், அதனால் ஒரு லிட்டர் மழைநீரில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் செறிவு வரைபடத்தையும் சேர்த்து, பல வருஷ சராசரியாகப் பாருங்கள். மழையில்லாமல் படியும் கந்தகம் இந்த வாளியில் வராது, அதற்கு காஸ்ட்நெட் என்ற இன்னொரு அமெரிக்க கண்காணிப்பு வலையமைப்பின் தரவு வேண்டும்.