லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: வேகம் இருக்கிறது, சில இடங்களில் கை வைக்க வேண்டும்

பழைய லேப்டாப்புக்கு என்ன போடலாம் என்று கேட்டால் யோசிக்காமல் வரும் பதில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: லினக்ஸ் மின்ட் இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்புடன். பதில் சரிதான், ஆனால் பாதி. மின்ட் 22 வந்தது 2024 ஜூலையில். உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் உண்டு. குறைந்தது 2 ஜிபி ராம் போதும் என்கிறார்கள். 2 ஜிபியில் டெஸ்க்டாப் வரும்; பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறிவிடும். 4 ஜிபியும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால்தான் நிம்மதி. இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்கே இருக்கிறதென்றால் எந்த டெஸ்க்டாப்பை மாற்றியும் பயனில்லை, டிஸ்க்கை மாற்றுங்கள்.

மின்ட்டின் முதன்மைப் பதிப்பான சின்னமனில், சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்பும் கம்போசிட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்எஃப்சிஇயில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' போய், கடைசி டேப்பில் ஒரு டிக்கை எடுத்தால் அது அணைந்துவிடும். நிழலும் ஒளிபுகும் விளிம்பும் போகும்; பலவீனமான கிராஃபிக்ஸ் சிப்பில் சாளரம் உடனே நகரும். அப்போதும் இழுபட்டால் 'விண்டோ மேனேஜர்' அமைப்பின் அட்வான்ஸ்டு டேப்பில், நகர்த்தும்போது உள்ளடக்கத்தை மறைக்கும்படி செய்யலாம். வெறும் சட்டம் மட்டும் நகரும். பார்க்க அழகில்லை, வேலை நடக்கும்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். டெர்மினலில் இன்க்ஸி கட்டளையை, ஒரு கோடும் பெரிய ஜி எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். ரெண்டரர் என்ற இடத்தில் உங்கள் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பின் பெயர் வர வேண்டும். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கிராஃபிக்ஸ் சிப் சும்மா உட்கார்ந்திருக்கிறது, படம் வரையும் வேலை முழுவதும் பிராசசர் தலையில். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட், பழைய இரண்டு கோர் பிராசசருக்கு அது போதாது. நிறுவும்போது திரை கறுப்பாகி நின்றதால், கிராஃபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவைக்கும் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்தவர்கள், அதை லினக்ஸைத் துவக்கும் க்ரப்பின் அமைப்பில் அப்படியே விட்டுவிடுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். க்ரப் டீஃபால்ட் கோப்பில் அந்தச் சொல்லை நீக்கி, அப்டேட் க்ரப் கட்டளை கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'லினக்ஸ் மெதுவாக இருக்கிறது' என்ற புகாரில் கணிசமான பங்கு இந்த ஒரு சொல்லுக்குச் சேரும்.

வீடியோவிலோ ஸ்க்ரோல் செய்யும்போதோ திரை கிடையாகக் கிழிபடுவது வேகக் குறைவல்ல, ஒத்திசைவுப் பிரச்சினை. இதைச் சரிசெய்யக் கம்போசிட்டர் ஓட வேண்டும்; முன்பு அணைத்திருந்தால் மீண்டும் இயக்குங்கள். சரிசெய்யும் இடத்தை ஏனோ ஒளித்துவைத்திருக்கிறார்கள்: 'செட்டிங்ஸ் எடிட்டர்', அதில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4, அதற்குள் விபிளாங்க் மோட். ஆட்டோவில் கிழிந்தால் ஜிஎல்எக்ஸ் என்று மாற்றுங்கள். அதிலும் கிழிந்தால் எக்ஸ்பிரசென்ட். லாக் அவுட் செய்து திரும்பினால்தான் மாற்றம் தெரியும்.

4 ஜிபிக்காரர்களுக்கு ஜிராம் அவசியம். ராம் நிரம்பும்போது தரவைத் தள்ளிவைக்கும் ஸ்வாப் இடத்தை, சுருக்கிய வடிவில் ராமிலேயே வைக்கும் வசதி அது. ஜிராம் டூல்ஸ் பொதியை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் அல்கோரிதத்தை இசட்எஸ்டிடி என்றும் அளவை 50 சதவீதம் என்றும் வையுங்கள். அந்த வரிகளின் முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை எடுக்காவிட்டால் எதுவும் மாறாது. ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் எண்ணை 10க்குக் குறைக்கச் சொல்லும் பழைய அறிவுரை இங்கே பொருந்தாது. ஜிராம் இருப்பது டிஸ்க்கில் அல்ல, ராமிலேயே. எனவே 100க்கு ஏற்றலாம்.

துனார் கோப்பு மேலாளரில் வீடியோ நிறைந்த ஃபோல்டரைத் திறந்ததும் ஃபேன் இரைந்தால், சிறுபடம் தயாரிக்கும் டம்ளர் சேவை ஓடுகிறது என்று பொருள். ப்ரிஃபரன்சஸில் தம்ப்நெயிலை அணையுங்கள்.

யூடியூப் மட்டும் இந்த டெஸ்க்டாப்பின் கையில் இல்லை. இன்டெல் 4ஆம் தலைமுறைச் சிப்கள் எச்.264 வீடியோவை வன்பொருளிலேயே பிரித்துவிடும். யூடியூப் பெரும்பாலும் அனுப்பும் விபி9 வடிவத்துக்கு அந்த வசதி அவற்றில் இல்லை. யூடியூபை எச்.264 வடிவிலேயே அனுப்ப வைக்கும் எச்264இஃபை நீட்சியை பிரவுசரில் போட்டு, 720பியில் பாருங்கள்.