வீட்டில் வார்த்த சிமெண்ட் பாறை: உப்புநீர்த் தொட்டியில் மூன்றரை ஆண்டுகள்

சென்னையில் உப்புநீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவருக்கு மீனைவிடப் பெரிய கேள்வி, பாறைக்கு எங்கே போவது என்பதுதான். இத்தகைய தொட்டிகளில் வழக்கமாக அடுக்குவது பவளக் கல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு பவளங்கள் சேர்க்கப்பட்டுவிட்டதால், உயிருள்ள பவளத்தையோ செத்த பவளக் கல்லையோ கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். அந்தத் தடை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்ததில், அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிப்போயின. ஆகவே 190 லிட்டர் கொள்ளும் என் மூன்றடித் தொட்டிக்கு வேண்டிய பாறையை நானே வார்த்துக்கொள்வது என்று 2021 டிசம்பரில் முடிவு செய்தேன்.

கலவை எளியது. வெள்ளைச் சிமெண்ட் ஒரு பங்கு, கோழித்தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும் கிளிஞ்சல் துகள் இரண்டு பங்கு, சமையலுக்கு வாங்கும் கல் உப்பு இரண்டு பங்கு. சிமெண்ட் வாங்கும்போது, பூச்சுக்கு விற்கும் வால் புட்டியைத் தவறியும் வாங்கிவிடக் கூடாது. அதில் கலந்துள்ள பிசின் பொருள்கள் மீனுக்கு ஆகாதவை. தண்ணீர் சேர்ப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். கலவை புட்டு மாவுப் பதத்தில், பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிர வேண்டும். தண்ணீர் சற்றுக் கூடினாலும் உப்பு அப்போதே கரைந்து, துளைகள் நிறைந்த பாறைக்குப் பதில் வெறும் கட்டி மிஞ்சும். ஈரமணல் நிரப்பிய தொட்டியில் குழி பறித்து, கலவையை அழுத்தாமல் அள்ளிப் போட்டு, நடுவே மணல் உருண்டைகளைப் புதைத்தால் அவை பின்னர் மீன் நுழைந்து போகும் குகைகளாகிவிடும். கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சிமெண்டின் காரம் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும். மறுநாள் எடுத்து, ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் வைத்த பிறகே ஊறப் போட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த அனுபவத்தின் உயிர்ப்பகுதி. சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம் வீட்டு நீற்றுச் சுண்ணாம்பு, உள்ளே உண்டாகிறது. அது கசிந்து தீரும் வரை பாறை ஊறும் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 12-ஐத் தொடும். கடல்நீர்த் தொட்டிக்கு வேண்டியதோ 8.1 முதல் 8.4 வரை. முதல் தொகுதிப் பாறைகளை மூன்று வாரம் ஊறவைத்துவிட்டு, தண்ணீர் மாற்றிய இரண்டு மணி நேரத்தில் சோதித்துப் பார்த்தேன். 8.3 என்று வந்ததும் மகிழ்ந்து தொட்டியில் அடுக்கினேன். கசிவு மெதுவாக நடப்பது என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை தொட்டியின் பிஎச் 9.1, பண்ணையில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன்கள் இரண்டும் செவுள்களை அகல விரித்தபடி மணலில் சாய்ந்து கிடந்தன. பிஎச் உயர உயர, தண்ணீரில் உள்ள சிறிதளவு அம்மோனியாவும் நச்சு வடிவத்துக்கு மாறிவிடும் என்பதால் பாதிப்பு இரட்டிப்பாகியிருக்க வேண்டும். மாலைக்குள் இரண்டும் இறந்துவிட்டன. அந்த இரண்டு மீன்களையும் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாம் தொகுதிக்கு முறையை மாற்றினேன். ஒரு வாரம் ஊறல், மூன்று நாள் நிழலில் காய்ச்சல் என்று மாறி மாறி வைத்தேன். காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. சுண்ணாம்புச் சுவர் நாள்பட நாள்பட உறுதிப்படுவதும் இதே வினையால்தான். சோதிக்கும்போது ஒரே குழாய்த் தண்ணீரை இரு வாளிகளில் பிடித்து, ஒன்றில் மட்டும் பாறையைப் போட்டு, முழுமையாக 24 மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டேன். நான்காம் வாரம் பாறை வாளியில் 10.4, ஆறாம் வாரம் 9.5, பதினோராம் வாரம்தான் 8.5. ஒரு பாறையை உடைத்து, காரம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் பினாப்தலீன் கரைசலைச் சொட்டினேன். வெளிவிளிம்பில் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு நிறமே இல்லை. உள்ளே முழுக்க அடர் இளஞ்சிவப்பு. காரம் போய்விடவில்லை, உள்ளே அடைபட்டிருந்தது. அன்றிலிருந்து தொட்டிக்குள் எந்தப் பாறையையும் உடைப்பதோ துளையிடுவதோ இல்லை.

மொத்தம் 24 கிலோ பாறை 2022 மே மாதம் தொட்டிக்குள் சென்றது. முதல் இரண்டு மாதம் பழுப்புப் படலம், அடுத்த மூன்று மாதம் பச்சை மயிர்ப்பாசி. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தே நாள் போயிற்று. நண்பர் ஒருவர் தம் தொட்டியிலிருந்து கொடுத்த நத்தையின் ஓட்டில் ஒட்டியிருந்த ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி எட்டாம் மாதம் பாறையில் ஒரு மிளகளவு தென்பட்டது. கால்சியத்தை 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவிலும் மெக்னீசியத்தை 1300 அளவிலும் விடாமல் காத்து வந்ததில், இரண்டாம் ஆண்டு முடிவில் பாறையின் முக்கால் பாகம் ஊதாவாகிவிட்டது. இப்போது பார்ப்பவர் எவரும் இதைச் சிமெண்ட் என்று சொல்வதில்லை.

குறைகளும் உண்டு. உப்பு விட்டுச்சென்ற துளைகள் பெரியவை. பல துளைகள் ஒன்றோடொன்று இணையவில்லை. மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத ஆழமான நுண்ணறைகள் வேண்டும். அந்த வகையில் இது இயற்கைப் பாறைக்கு ஈடாகாது. என் தொட்டியில் நைட்ரேட் ஒருபோதும் 10 பிபிஎம்முக்குக் கீழே இறங்கியதில்லை. கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மர் கருவியும் இரு வாரத்துக்கொருமுறை தண்ணீர் மாற்றுவதும் இல்லாமல் தீராது. கடற்புழுக்கள், சிற்றுயிர்கள் எதுவும் இதனுடன் வந்து சேராது. வேண்டாத பூச்சிகளும் வராது என்பது அதன் மறுபக்கம். உப்பைச் சற்றுத் தாராளமாகப் போட்ட வளைவுப் பாறை ஒன்றின் முனை இரண்டாம் ஆண்டிலேயே உதிரத் தொடங்கியது.

அந்த வளைவைச் சென்ற மாதம் வெளியே எடுத்து உடைத்து, மீண்டும் பினாப்தலீன் சொட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் வெளிர்சிவப்பு தெரிந்தது; மற்ற இடமெல்லாம் வெண்மை. அதற்கு மாற்றாக, உப்பை ஒன்றரைப் பங்காகக் குறைத்து வார்த்த புதிய வளைவு மொட்டை மாடி டிரம்மில் ஊறுகிறது. இன்று ஏழாம் வாரம். 24 மணி நேரச் சோதனையில் 9.2 காட்டுகிறது.