ரேஸுக்கு நைட்ரோ டிரக்: ரீவோவா, டிரக்கியா?

டல்லஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். ரிமோட் கார் செய்யும் டிராக்ஸஸ் கம்பெனி இருக்கும் மெக்கின்னி எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கம் நைட்ரோ டிரக் (நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் வண்டி) என்று யார் பேச்செடுத்தாலும் அது அவர்களுடைய ரீவோ 3.3-இல்தான் போய் நிற்கும். என்னிடம் ரீவோவும் இருக்கிறது, ரேஸுக்கென்று முகென் எம்.பி.எக்ஸ்.8டி என்ற டிரக்கியும் இருக்கிறது. "அண்ணா, எதை வாங்கலாம்?" என்று கேட்கிற தம்பிகளுக்கு என் பதில் ஒன்றுதான். காலி மைதானத்தில் பறக்கவிட ரீவோ, டிராக்கில் ரேஸ் ஓட டிரக்கி.

ரீவோ மோசமான வண்டி இல்லை. பெட்டியைத் திறந்து, பேட்டரி போட்டு, எரிபொருள் ஊற்றினால் கிளம்பிவிடும். ஸ்டார்ட் செய்யக் கயிறு இழுக்க வேண்டாம், கையில் பிடிக்கும் ஒரு மின் ஸ்டார்ட்டரே போதும். கியர் இரண்டு, ரிவர்ஸும் உண்டு. சக்கரம் பெரியது, மேடு பள்ளத்தை மதிக்காது. ஆனால் ரேஸில் இதே வசதிகள்தான் காலை வாரும். கியர்பாக்ஸும் ரிவர்ஸும் எடையைக் கூட்டுகின்றன. வண்டி உயரம் என்பதால் வளைவில் வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். ரேஸில் ரிவர்ஸுக்கு வேலையே இல்லை. வண்டி கவிழ்ந்தால் டிராக் ஓரம் நிற்கும் மார்ஷல் வந்து நிமிர்த்திவிடுவார்.

டிரக்கி என்பது நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பக்கி என்ற ரேஸ் ரிமோட் காரின் அண்ணன். அதே மாதிரித் தட்டையான அலுமினியச் சேசிஸ், நீளமும் அகலமும் கூட, டயர் பெரிது. 3.5 சி.சி. என்ஜின், ஒரே கியர். முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று டிஃபரென்ஷியல் (சுருக்கமாக டிஃப், சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி). நடு டிஃப் இருப்பதால் பிடிப்பு இல்லாத மண்ணில் திராட்டிலை அமுக்கினாலும் வண்டி உடனே முரண்டு பிடிக்காது. பிரேக்கும் முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி. எந்தப் பக்கம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று திருகு வைத்துச் சரிசெய்யலாம்.

முகென் கிட்டாக வருகிறது. என்ஜின் கிடையாது, புகை போகும் பைப் கிடையாது, ரேடியோ, சர்வோ (ஸ்டியரிங்கையும் திராட்டிலையும் அசைக்கும் சின்ன மோட்டார்), டயர் எதுவும் கிடையாது. பை பையாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், புத்தகத்தைப் பார்த்து நாமே கட்ட வேண்டும். எனக்கு இதில்தான் முழுச் சுகமும். டிஃபில் சிலிக்கோன் எண்ணெய் ஊற்றும்போது முன்னுக்கு 5000, நடுவுக்கு 7000, பின்னுக்கு 3000 என்று தொடங்கினால் பெரும்பாலான மண் டிராக்குக்கு ஒத்துவரும். எண் ஏற ஏற எண்ணெய் கெட்டியாகும். பாகங்கள் பொருந்துவதைப் பார்த்தால் ஜப்பான்காரன் வேலை என்று கை சொல்லிவிடும். அரம் எடுத்துத் தேய்க்க வேண்டிய இடம் எதுவும் எனக்கு வரவில்லை.

செலவு? கூச்சப்படாமல் சொல்கிறேன். கிட், ஓ.எஸ். மாதிரி நல்ல என்ஜின், பைப், இரண்டு சர்வோ, ரேடியோ, ஸ்டார்ட்டர் பாக்ஸ் (வண்டியை மேலே வைத்து ஸ்டார்ட் செய்யும் பெட்டி) எல்லாம் சேர்த்தால் 1500 டாலரைத் தாண்டும். ரீவோ அதில் பாதிக்கும் குறைவு. வீட்டில் சொல்லும்போது கிட் விலையை மட்டும் சொல்வது அவரவர் சாமர்த்தியம்.

எரிபொருளைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்தது அது. இங்கே 20 முதல் 30 சதவீத நைட்ரோ சாதாரணமாகக் கிடைக்கும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே உரிமம் இல்லாதவர்களுக்கு 16 சதவீதம்தான் எல்லை. ஒரு கேலன் வாங்கினால் 150 சி.சி. டேங்க்கை 25 தடவை நிரப்பலாம். ஒரு டேங்க் எட்டு நிமிடம் வரை ஓடும், டிராக்கையும் கால் அமுக்குவதையும் பொறுத்தது. கால் என்கிறேன், விரல்தான். தபாலில் வரவழைத்தால் அபாயப் பொருள் என்று தனிக் கட்டணம் போடுவார்கள், பக்கத்துக் கடையில் வாங்குவதே மேல்.

புது என்ஜின் வந்ததும் முறுக்கக் கூடாது. சிலிண்டர் ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கிப் பிடிக்கும், சூடானதும்தான் சரியாக உட்காரும். அதனால் நன்றாகச் சூடேற்றி, கலவையில் எரிபொருளைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, முதல் சில டேங்க்கை நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும். ட்யூனிங் சரியா என்று பார்க்க, ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டர் பக்கத்தில் எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடியுங்கள். மூன்று நான்கு விநாடி ஓடி, சத்தம் லேசாக ஏறி நின்றால் லோ நீடில் (மெதுவாக ஓடும்போது எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் திருகு) சரி. கிள்ளியதும் படக்கென்று அணைந்தால் எரிபொருள் குறைவு. ரொம்ப நேரம் ஓடி, சத்தம் எகிறினால் அதிகம். என்ஜின் தலையில் வெப்பமானி வைத்தால் 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஓடும்போது பின்னால் மெல்லிய நீலப் புகை தெரிய வேண்டும், அது தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். டெக்ஸாஸில் காலையில் குளிர்ந்த காற்றுக்கு வைத்த நீடில் மதிய வெயிலுக்கு நிற்காது, கொஞ்சம் மூட வேண்டியிருக்கும்.

ஃபெயில்சேஃப்பை, அதாவது சிக்னல் அறுந்தால் வண்டி தானாகச் செய்ய வேண்டியதை, பிரேக்கில் வைக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ரேடியோ சிக்னல் அறுந்தால் நான்கு கிலோ வண்டி முழு வேகத்தில் யார் காலைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது.

எலெக்ட்ரிக் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் அரை மணி நேர மெயினில் (இறுதி ரேஸில்) பிட்டுக்குள் வண்டியைக் கொண்டுவந்து, என் பையன் "அப்பா, உள்ள வாங்க, உள்ள வாங்க!" என்று கத்தி, தூக்கி, எரிபொருள் பாட்டிலை அமுக்கி, இரண்டு மூன்று விநாடியில் திரும்பக் கீழே விடுகிற அந்த ஆட்டம் அதில் கிடையாது. அதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

இன்னொன்று. எந்த வண்டி உலகத்திலேயே சிறந்தது என்று தேடுவதைவிட, உங்கள் டிராக்கில் நாலு பேர் எதை ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். ரேஸ் நடுவில் சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்தால் பக்கத்து மேசையில் கேட்டு வாங்கிவிடலாம். கடையிலும் அதன் பாகம்தான் இருக்கும். உங்கள் ஊரில் எல்லாரும் அசோசியேட்டட் கம்பெனி வண்டி ஓட்டினால் நீங்களும் அதையே வாங்குங்கள், முகென் கட்சிக்காரனான நானே சொல்கிறேன். கிளட்ச் பெல் பேரிங் மட்டும் எந்த வண்டியாக இருந்தாலும் கைவசம் இருக்கட்டும், சீக்கிரம் போகும்.

பட்ஜெட் இடித்தால் பழைய டிரக்கி பாருங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, க்ளோ ப்ளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் ப்ளக்) மாட்டியபடியே ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சியில் வந்து கவ்வ வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் என்ஜினுக்கென்று ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம். சேசிஸுக்கும் டிஃபுக்கும் மட்டும் விலை பேசுங்கள்.