வேகபாண்ட் படித்தவர்கள் எந்த முசாஷியிடம் போவது?

ஜப்பானிய வாள்வீரன் மியாமோட்டோ முசாஷியின் கதையைச் சொல்லும் வேகபாண்ட் மாங்காவைப் (ஜப்பானியப் படக்கதை) படித்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறோம். 1998இல் கோடான்ஷாவின் ‘மார்னிங்’ இதழில் தொடங்கி 37 தொகுதிகள் வந்த கதை 2015இல் அப்படியே நின்றுபோனது. முசாஷியும் அவனுடைய பெரிய எதிராளியான வாள்வீரன் சசாகி கோஜிரோவும் கன்ரியூ தீவில் இன்னும் மோதவே இல்லை. அந்த ஏக்கத்தோடு ஜப்பானியப் படங்கள் பக்கம் போகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ‘நடிகர் மிஃபுனே முசாஷியாக நடித்த மூன்று படங்களைப் பாருங்கள்’ என்பதுதான். அது நல்ல பதில்தான், ஆனால் வேகபாண்ட் ரசிகருக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது, இயக்குநர் உச்சிதா டோமு எடுத்த ஐந்து படங்கள்; அதைப் பற்றிப் பேச ஆள் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மாங்காவுக்கும் இந்தப் படங்களுக்கும் வேர் ஒன்றே. யோஷிகாவா எய்ஜி 1935 முதல் 1939 வரை ஆசாஹி நாளிதழில் தொடராக எழுதிய ‘மியாமோட்டோ முசாஷி’ நாவல். இனோவே தகேஹிகோ மாங்காவுக்கு எடுத்துக்கொண்டதும் அதையே. செகிகஹாரா போரில் தோற்று உயிர் தப்பும் தகேசோ (முசாஷியின் இளவயதுப் பெயர்), கூட வந்த மதாஹாச்சி, ஊரில் காத்திருக்கும் ஓட்ஸு, தகேசோவை மரத்தில் கட்டித் தொங்கவிடும் டகுவான் துறவி என்று படத்தில் வரும் ஒவ்வொருவரையும் நமக்கு முன்பே தெரியும். அதனால் கதை புரியுமா என்ற கவலை வேண்டாம். யார் எதை அழுத்திச் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசமே.

முதலில் இனாகாகி ஹிரோஷி தோஹோ நிறுவனத்துக்காக எடுத்த மூன்று படங்கள்: 1954, 1955, 1956. முசாஷியாக தோஷிரோ மிஃபுனே, கோஜிரோவாக ட்சுருதா கோஜி. முதல் படம் அமெரிக்காவில் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான கௌரவ ஆஸ்கரும் வாங்கியது. மூன்றையும் சேர்த்தாலே ஐந்து மணி நேரம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். இதே மிஃபுனே அதே 1954இல் ‘ஏழு சாமுராய்’ படத்திலும் நடித்தார், அந்தக் காட்டுத்தனம் தகேசோவிடமும் அப்படியே இருக்கிறது. மாங்காவின் முதல் தொகுதிகளில் பல்லைக் கடித்துக்கொண்டு முறைக்கிற அந்த முகத்துக்கு நிஜ மனிதர்களில் இவரைவிட நெருக்கமாக யாரும் வந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் தகேசோ முசாஷியாக மாறியதும் இனாகாகி அவனை மெல்ல மெல்ல ஒரு நல்ல கதாநாயகனாக்கிவிடுகிறார். இரண்டாவது படத்தில் யோஷியோகா வாள்பயிற்சிப் பள்ளியின் ஆட்கள் கூட்டமாக வந்து சூழ்கிறார்கள், சண்டை நன்றாகவே இருக்கிறது, கடைசியில் முசாஷி அந்தப் பள்ளியின் தலைவன் செய்ஜூரோவைக் கொல்லாமல் விட்டுவிட்டுப் போகிறான், மனம் கனிந்துவிட்டது என்று நாம் நிம்மதியடைகிறோம். மாங்காவில் அதே யோஷியோகா கதையைப் படித்தவருக்கு அந்த நிம்மதி ஒட்டாது. அங்கே 70 பேரை ஒருவன் வெட்டிச் சாய்ப்பதை இனோவே பக்கம் பக்கமாக நீட்டி, பார்க்கிற நமக்கே கை சோர்ந்துபோகும்வரை விடமாட்டார், முடிந்தபோது முசாஷியின் காலும் மோசமாகக் காயம்பட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் உச்சிதா டோமு வருகிறார். தோயேய் நிறுவனத்துக்காக 1961 முதல் 1965 வரை வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து படங்கள், மொத்தம் ஒன்பதரை மணி நேரம் போல. முசாஷி நகாமுரா கின்னோசுகே. மூன்றாவது படத்திலிருந்து கோஜிரோவாக தகாகுரா கென். மதாஹாச்சியாக, ‘ஏழு சாமுராய்’ படத்தின் இளைய சாமுராயாக வந்த கிமுரா இசாவோ. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இனாகாகியின் முதல் படத்தில் கோழை மதாஹாச்சியாக நடித்த மிகுனி ரென்டாரோதான் இதில் டகுவான் துறவி! ஒரே கதையின் இரண்டு எதிர் முனைகளை ஒரே நடிகர் செய்திருக்கிறார்.

உச்சிதா, போர் முடிந்த பிறகும் பல வருஷம் சீனாவிலேயே இருந்துவிட்டு 1953இல்தான் ஜப்பான் திரும்பியவர். வாளைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இல்லை என்பது நான்காவது படத்தில் (1964) யோஷியோகா ஆட்களோடு நடக்கும் இச்சிஜோஜி சண்டை தொடங்கியதுமே தெரிந்துவிடும். விடியற்காலை, எதிரே 73 பேர், அவர்களுக்குப் பெயரளவுத் தலைவனாக நிறுத்தப்பட்டிருப்பது ஒரு சிறுவன். முசாஷி நேராகப் போய் முதலில் அந்தச் சிறுவனைக் கொல்கிறான். அதுவரை வண்ணத்தில் ஓடிக்கொண்டிருந்த படம் இந்தச் சண்டைக்கு மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடுகிறது. சேறு நிறைந்த வயலில் அவன் ஓடுகிறான், விழுகிறான், மூச்சு வாங்குகிறான், வெட்டுகிறான், மறுபடி ஓடுகிறான். அழகான வாள்வீச்சு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. யோஷிகாவாவின் நாவலில் இருக்கும் அந்தச் சிறுவனின் கொலையை இனாகாகி தவிர்த்துவிட்டார், மாங்காவிலும் அது இல்லை. உச்சிதா மட்டும்தான் அதை நடுவில் வைத்து, மிச்சப் படம் முழுக்க முசாஷியை அதற்குப் பதில் சொல்ல வைக்கிறார்.

1612இல் நடந்ததாகச் சொல்லப்படும் கன்ரியூ தீவுச் சண்டையை, அதாவது நமக்கு மாங்கா இன்னும் தராத முடிவை, இரண்டு பேரும் காட்டுகிறார்கள். இனாகாகியின் தீவு கண்ணுக்கு விருந்து, கடற்கரை வெளிச்சமே தனி அழகு. கோஜிரோ தானே ஜெயித்ததாக நினைத்துச் சிரித்தபடி சாய்கிறான், திரும்பும் படகில் முசாஷி அழுகிறான். நண்பனை இழந்தவனின் அழுகை அது, மனசு கரையும். உச்சிதாவின் முசாஷியோ படகில் உட்கார்ந்து தன் கைகளையே பார்க்கிறான். ரத்தம் தெரிகிறது, கொன்றவர்கள் நினைவுக்கு வருகிறார்கள், வாள் என்பது கடைசியில் வெறும் ஆயுதம்தானா என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறான். 37 தொகுதி முழுக்க ‘வெல்ல முடியாதவன் என்றால் யார்’ என்று குடைந்துகொண்டே போன மாங்காவுக்கு ஒரு முடிவு எழுதச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

உச்சிதாவிடம் குறையே இல்லையா? இருக்கிறது. கின்னோசுகே முதல் படத்தில் கத்துகிற கத்தல் சிலருக்கு மிகையாகப் படும், அவர் கபுகி (ஜப்பானிய மேடை நாடகம்) குடும்பத்துப் பிள்ளை, அந்த மேடைத்தனம் எட்டிப் பார்க்கும். இரண்டாவது படம் மெதுவாகத்தான் நகரும், அங்கேயே நிறுத்திவிட்டுப் போனவர்கள் உண்டு, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஓட்ஸு விஷயத்தில் இனாகாகி மேல். யாச்சிகுசா கவோரு நடித்த ஓட்ஸுவுக்காகவே அந்த மூன்றையும் மறுபடி பார்ப்பேன். மாங்காவின் விவசாயப் பகுதி உங்களுக்கு உயிர் என்றால் இனாகாகியின் மூன்றாவது படத்தையும் விடாதீர்கள், முசாஷி வாளை ஓரமாக வைத்துவிட்டுக் கிராமத்தில் மண்ணைக் கிளறும் பகுதி அதில் வருகிறது.

கோஜிரோவுக்காகவே மாங்கா படித்தவர்களுக்கு ஒரு சிக்கல். காது கேளாத, பேச முடியாத அந்தக் கோஜிரோ இனோவேயின் சொந்தப் படைப்பு; இந்த இரண்டு வரிசையிலும் அவன் கிடையாது, இரண்டிலும் கோஜிரோ நன்றாகவே பேசுகிற, அலட்டிக்கொள்கிற ஆள். இருந்தாலும் அவன் பக்கமிருந்து கதை வேண்டும் என்றால் இனாகாகியே 1967இல் எடுத்த ‘சசாகி கோஜிரோ’ இருக்கிறது, அதில் முசாஷியாக நகாதாய் தத்சுயா வந்து குளிர்ந்த கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள்.

சரி, ஒன்பதரை மணி நேரத்துக்கு இப்போது வழியில்லை, ஒரே ஒரு படம் சொல்லுங்கள் என்பவர்களுக்கு: உச்சிதாவின் கடைசிப் படமான ‘ஷின்கென் ஷோபு’. 1970இல் அவர் இறந்த பிறகு, 1971இல் வெளியானது, ஒன்றேகால் மணி நேரம்தான். மறுபடி கின்னோசுகேதான் முசாஷி, சங்கிலி அரிவாள் வீசும் ஷிஷிதோ பைகெனாக மிகுனி ரென்டாரோ. பைகென் தம்பதியிடம் சிக்கிக்கொள்ளும் முசாஷி, உயிர் பிழைக்க அவர்களுடைய கைக்குழந்தையையே பிணையாகத் தூக்கிக்கொள்கிறான். மாங்காவில் பைகென் வரும் பகுதியை மறுபடி ஒரு தடவை புரட்டிவிட்டு, அன்றைக்கே இதைப் போட்டுப் பாருங்கள்.